கோலா மரம்: ஒரே தாய்மரத்துக் கன்றுகளை வாங்கி நடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மிளகு, கராம்பு, சாதிக்காய் தவிர வேறு என்ன நடலாம் என்று தேடுகிற வீட்டுத்தோட்டக்காரர்கள் கோலா மரத்தைப் பற்றியும் விசாரிப்பதுண்டு. குளிர்பானப் போத்தலில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அது எந்த மட்டத்தில் வளரும், எத்தனை வருடத்தில் காய்க்கும், பறித்த கொட்டையை என்ன செய்வது என்று கேட்டால் சரியான பதில் கிடைப்பதில்லை. கன்று போடும் தவறணை வேலையும் தோட்ட வேலையும் தெரிந்தவர்கள் என்ற முறையில், கன்றுக்குக் காசு கொடுக்குமுன் யோசிக்க வேண்டியவற்றை உங்கள் பத்திரிகை மூலம் சொல்ல விரும்புகிறோம்.

கோலா மேற்கு ஆபிரிக்க மழைக்காட்டின் மரம். கொக்கோவும் அதுவும் ஒரே குடும்பம். கொட்டைக்காக வளர்ப்பவை முக்கியமாக இரண்டு இனங்கள். சியேரா லியோன், லைபீரியா, ஐவரி கோஸ்ட், கானா காடுகளைச் சேர்ந்தது கோலா நிற்றிடா. அதற்குக் கிழக்கே நைஜீரியா முதல் அங்கோலா வரை உள்ளது கோலா அக்குமினாற்றா. தோலை உரித்த கொட்டை இரண்டு பருப்பாகப் பிரிந்தால் அது நிற்றிடா. மூன்று, நான்கு, ஐந்து துண்டாகப் பிரிந்தால் அக்குமினாற்றா. வியாபாரத்தில் பெரும்பங்கு நிற்றிடாவுக்குத்தான், விளைச்சலில் முதலிடம் நைஜீரியாவுக்கு. 'கசப்புக் கோலா' என்ற பெயரில் விற்கப்படும் விதை முற்றிலும் வேறு மரத்தினுடையது. அது நம் கொறுக்காயின் உறவு மரம், முளைப்பதும் மிகத் தாமதம். பெயரை நம்பி அதை வாங்கியவர் வேறொரு மரத்தைத்தான் வளர்ப்பார்.

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் இடம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது. கோலாவுக்குச் சூடும் ஈரமும் சேர்ந்து வேண்டும். சராசரி வெப்பம் 23 முதல் 28 பாகை செல்சியஸ், ஆண்டு மழை 1,200 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால் நன்றாக வரும். 800 மீற்றருக்கு மேலே நடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதனால் நுவரெலியா, தலவாக்கலை, அட்டன், பண்டாரவளைப் பக்கத்தவர்கள் இந்த ஆசையை விட்டுவிடலாம். அங்கே மரம் சாகாமல் நிற்கக்கூடும், பூவும் காயும் எதிர்பார்க்க முடியாது. மாத்தளை, உக்குவளை, இறத்தோட்டையின் கீழ்ப்பகுதி, கண்டி, பேராதனை, கம்பளை, மாவனல்லை, கேகாலை போன்ற இடங்கள் பொருந்தும். கொக்கோவும் சாதிக்காயும் செழிப்பாக நிற்கும் தோட்டம் என்றால் கோலாவுக்கும் அது ஏற்ற இடமென்று கொள்ளலாம்.

அடுத்தது நிலத்தின் அளவு. மரம் 10 மீற்றருக்கு மேல் உயரும், கிளைகள் நன்றாகப் படரும். மரத்துக்கு மரம் 7 மீற்றர் விட வேண்டும் என்றால் ஒரு மரத்துக்கு 49 சதுர மீற்றர், அதாவது கிட்டத்தட்ட இரண்டு பேர்ச் போகிறது. தோட்டக் குடும்பங்களுக்குக் கிடைக்கும் சில பேர்ச் காணியில் வீடும் கட்டி, மரக்கறிப் பாத்தியும் போட்டு, கோலாவும் நட இடமில்லை. அரை ஏக்கராவது வைத்திருந்து, எல்லையிலோ பலா, கித்துள் நிற்கும் பகுதியிலோ இடம் ஒதுக்கக்கூடியவர்களுக்கே இது ஏற்றது.

இந்தக் கடிதத்தை எழுத முக்கிய காரணம் மகரந்தச் சேர்க்கை பற்றிய விடயம்.

கோலாவில் ஒரே மரத்திலேயே ஆண் பூவும் காய்க்கும் பூவும் வரும். வெளிர்மஞ்சளாக, ஐந்து மடலுடன், நடுவில் கருஞ்சிவப்புக் கோடுகளோடு இருக்கும் அந்தப் பூவில் இதழ் என்று நாம் நினைப்பது உண்மையில் புல்லி. ஆண் பூ சிறியது. காய்க்கும் பூ அதைவிடப் பெரியது, அதன் நடுவே சூலகம் திரண்டு தெரியும். இரண்டும் ஒரே கொத்தில் இருந்தாலும் நிற்றிடாவில் அனேகமான மரங்கள் தம் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை. வேறு மரத்தின் மகரந்தம் வர வேண்டும். அந்த வேறு மரமும் இதற்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும். பொருந்தாத இரண்டு மரங்கள் பக்கத்தில் நின்று பூத்துக் குலுங்கினாலும் பூ உதிருமே தவிரக் காய் நிற்காது.

மலையகத்தில் நமக்குத் தேயிலை வீ.பி. தவறணைப் பழக்கம் கைவந்தது. நல்ல தாய்ச்செடி ஒன்றைக் கண்டால் அதன் தண்டை வெட்டி ஆயிரக்கணக்கில் கன்று போடுவோம். இலைக்காக வளர்க்கும் செடிக்கு அது மிகச் சரி. கோலாவில் அதையே செய்தால் நட்டம்தான் மிஞ்சும். ஒரே தாய்மரத்துத் தண்டில் எடுத்த நூறு கன்றும் மரபில் ஒரே மரம். ஒன்றின் மகரந்தம் இன்னொன்றுக்கு உதவாது. ஐந்தாறு வருடம் தண்ணீரும் பசளையும் கொடுத்துவிட்டு, பூ வந்த பிறகு காய் ஏன் இல்லை என்று தேடுவதில் பயனில்லை. ஆகவே கன்று விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை தாய்மரங்களிலிருந்து எடுத்தீர்கள் என்பதையே. ஒரு மரம் என்று சொன்னால் வாங்காதீர்கள். வெவ்வேறு தாய்மரங்களின் கன்றுகள் குறைந்தது நான்கு சேர்ந்திருக்க வேண்டும், ஆறு இருந்தால் இன்னும் நல்லது. அழகுக்காக ஒற்றை மரம் நடுகிறவர் கொட்டையை எதிர்பார்க்கக் கூடாது.

விதைக் கன்று என்றால் இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் ஒவ்வொரு கன்றும் வேறு. ஆனால் காலம் எடுக்கும். விதையில் வந்த மரம் காய்க்க 7 முதல் 10 வருடமாகும், முழு விளைச்சலுக்கு 15 வருடத்தையும் தாண்டும். தண்டுக் கன்றும் ஒட்டுக் கன்றும் மூன்று முதல் ஐந்து வருடத்தில் பூக்கத் தொடங்கும். விதைக் கன்றுகளிடையே விளைச்சல் வேறுபாடும் மிக அதிகம். ஒரு மரம் வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் கொட்டை கொடுக்கும், அதே வரிசையில் அடுத்த மரம் பத்துக் கொட்டைகூடக் கொடுக்காது. எங்கள் கருத்தில், விதைக் கன்று சிலவற்றை நட்டு, நன்றாகக் காய்க்கும் இரண்டு மூன்று மரங்களைக் கண்டறிந்து, பிறகு அவற்றிலிருந்து ஒட்டுக் கன்று எடுப்பதே பாதுகாப்பான வழி. மெதுவான வழிதான், ஆனால் ஏமாற்றம் குறைவு.

தவறணை வேலையில் அதிகமாகக் கெடுவது விதை காய்ந்துபோவதால். கோலா விதை நெல், பயறு போலக் காய வைத்துச் சேமிக்கும் விதையன்று. வெயிலில் போட்டால் உயிர் போய்விடும். பறித்தவுடன் நட்டாலும் உடனே முளைக்காது. சில விதை மூன்று மாதத்தில் வரும், சில ஏழெட்டு மாதம் மண்ணுக்குள் கிடக்கும். இலை சுற்றி ஈரம் காத்து, சில மாதம் பதமாக வைத்திருந்த விதை, புது விதையைவிடச் சீராகவும் விரைவாகவும் முளைக்கும். பெரிய, வண்டு துளைக்காத விதையாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள், கன்று திடமாக வரும். பழைய மரத்தூளோ நன்றாகக் கழுவிய தும்புத்தூளோ நிரப்பிய பெட்டியில் 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் படுக்கவைத்து மூடி, நிழலில் வைத்து, தூள் ஈரமாக இருக்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளிக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் விதை அழுகும். நாலு மாதமாகியும் முளையைக் காணவில்லை என்று பெட்டியைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு விதையை மட்டும் எடுத்துப் பிளந்து பாருங்கள். பருப்பு இறுக்கமாக, நிறம் மாறாமல் இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

முளை கண்டதும் பைக்கு மாற்ற வேண்டும். தேயிலைக்குப் பாவிக்கும் சின்னப் பை போதாது. கோலாவின் ஆணிவேர் நேராக இறங்கும், சின்னப் பையின் அடியில் முட்டினால் வளைந்து சுருளும். அப்படிச் சுருண்ட வேரோடு நட்ட மரம் சில வருடம் நன்றாகத்தான் தெரியும், பிறகு வறட்சியில் வாடும் அல்லது காற்றில் சாயும். 10 அங்குல உயரமும் 6 அங்குல அகலமும் உள்ள பை வேண்டும், அடியில் துளை இருக்க வேண்டும். மேல்மண் மூன்று பங்குக்கு மக்கிய மாட்டெரு ஒரு பங்கு போதும். பாதி வெளிச்சம் விழும் பந்தலின் கீழ் வைத்து, நடுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பிருந்து பந்தலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள்.

தண்டுக் கன்று எடுப்பவர்கள் தேயிலைபோல ஒற்றைக் கணுவில் வெட்டக் கூடாது. அரை முதிர்ச்சியான கிளையில் 15 முதல் 20 சென்ரிமீற்றர் தண்டு வெட்டி, இலையைப் பாதியாக நறுக்கி, மணலும் பழைய மரத்தூளும் கலந்த பாத்தியில் நட்டு, பொலித்தீனால் மூடி நிழலில் வைக்க வேண்டும். வேர் வர மாதக்கணக்கில் ஆகும்.

நடும் காலம் ஊருக்கு ஊர் மாறும். மாத்தளைப் பக்கம் ஒக்டோபர், நவம்பர் மழையோடு நடலாம். கம்பளை, கேகாலைப் பக்கம் மே, ஜூன் மழை பொருந்தும். குழி இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். வெட்டும்போது மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, அதோடு ஒரு கூடை மக்கிய எரு கலந்து அதையே குழிக்குள் போட வேண்டும். சரிவு நிலமென்றால் மேற்பக்கத்தில் ஒரு கான் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். கோலா ஈரத்தை விரும்பும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. முதல் இரண்டு வருடம் ஜனவரி முதல் மார்ச் வரையான வெயிலில் தண்ணீர் ஊற்றி, அடியில் சருகு மூடாக்குப் போட வேண்டும். மூடாக்கு தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்.

இளங்கன்றுக்கு வாழையோ கிளிரிசிடியாவோ நிழலுக்கு வேண்டும். ஆனால் மரம் ஆளுயரம் தாண்டியதும் நிழலைக் கழித்துவிட வேண்டும். காட்டில் அடர்நிழலில் கோலா உயிர்வாழும் என்பது உண்மை, ஆனால் காய்ப்பதற்கு உச்சிக்கு வெயில் வேண்டும். நிழலை விட்டு வைப்பதால் இலை மட்டும் அடர்ந்து காய் குறையும். வளர்ச்சி மெதுவானது. நாலு வருடத்தில் 3 மீற்றர் வந்தால் அது குறைவல்ல. கவ்வாத்து அதிகம் தேவையில்லை, காய்ந்த கிளையையும் உள்ளே குறுக்கே போகும் கிளையையும் மட்டும் எடுத்தால் போதும். தேயிலையை வெட்டுவதுபோல வெட்டக் கூடாது.

கேகாலை, மாவனல்லைப் பக்கத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய இறப்பர் நிலத்தில் நடுவதானால் கட்டைகளையும் தடித்த வேர்களையும் அலவாங்கால் கிளப்பி எடுத்த பிறகுதான் நட வேண்டும். இறப்பரைக் கொல்லும் வெள்ளை வேர் நோய் கோலாவையும் தாக்கும். இலை காரணமில்லாமல் மஞ்சளித்து உதிர்ந்தால், தண்டின் அடியில் மண்ணை விலக்கி வேரைப் பாருங்கள். வெள்ளை நூல்போலப் பூசணம் படர்ந்திருந்தால் அதுதான். வேரில் மண்ணும் சிறு கல்லும் ஒட்டிக் கழுவினாலும் போகாமல் இருந்தால் அது கபில வேர் நோய், அதுவும் கோலாவைக் கொல்லும். நோய்கண்ட மரத்தை வேரோடு எடுத்து எரித்து, அந்தக் குழியில் உடனே மறு மரம் நடாமல் விட வேண்டும்.

பூத்து நாலைந்து மாதத்தில் காய் முற்றும். ஒரு காம்பில் ஐந்து காய்கள் வரை நட்சத்திரம்போல விரிந்து நிற்கும். தோல் பச்சையாக, கரடுமுரடாக, தடிப்பாக இருக்கும். தானாகப் பிளக்கும்வரை காத்திருக்காமல், பளபளப்புக் குறைந்து நிறம் மங்கத் தொடங்கும்போதே கொக்கத்தடியால் பறிக்க வேண்டும். மேற்கு ஆபிரிக்காவில் கோலாவின் பெரிய எதிரி கொட்டை வண்டு. வெடித்த காய்க்குள் அது புகுந்து முட்டையிடும், சேமிப்பில் இருக்கும்போது புழு வெளிவந்து பாதிக் கொட்டையைக்கூடத் தின்றுவிடும். முன்கூட்டிப் பறிப்பதும், விழுந்த காயை மரத்தடியில் கிடக்கவிடாமல் பொறுக்குவதும்தான் அங்கே செலவில்லாத காவல்.

காயை வெட்டினால் உள்ளே வெள்ளைத் தோல் போர்த்த விதைகள் இருக்கும். அந்தத் தோலைக் கழற்ற இரண்டு வழி. விதைகளை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைக்கலாம், அல்லது குவித்து மூடி ஐந்தாறு நாள் விட்டு அது நைந்த பிறகு கழுவலாம். ஊறவைத்தால் ஒரு நாளுக்கு மேல் விடாதீர்கள், கொட்டை நாறும். உரித்த கொட்டை சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கும். நகத்தால் ஒரு கீறல் போட்டுக் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள், காற்றுப் பட்ட இடம் துரு நிறத்துக்கு மாறும். உரிக்கும்போது கத்தி படக்கூடாது என்று சொல்வது இதனால்தான். காயம்பட்ட கொட்டை கறுத்து, பூசணம் பிடித்து, கூடையில் மற்றவற்றையும் கெடுக்கும்.

கழுவிய கொட்டையை நிழலில் தண்ணீர் வடியவிட்டு, இலையால் மூடிக் குவித்து மூன்று முதல் ஐந்து நாள் வியர்க்கவிட வேண்டும். அதன் பிறகு பிரம்புக் கூடையில் வாழையிலை பரப்பி அடுக்கி, மேலேயும் இலையால் மூடுங்கள். நல்ல கொட்டையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அது அதிகம் போனால் கொட்டை சுருங்கும், உள்ளேயே வியர்த்துத் தேங்கினால் பூசணம் வரும். இலை வாடும்போதெல்லாம் மாற்றி, கொட்டையைப் புரட்டி, துளை விழுந்ததை எடுத்துவிட வேண்டும். இப்படிப் பார்த்தால் பல மாதம் பச்சையாகவே இருக்கும்.

கோலாவை மென்றால் முதலில் கடும் கசப்பு, பிறகு குடிக்கும் தண்ணீர் இனிக்கும். நைஜீரியாவில் இக்போ மக்கள் வீட்டில் விருந்தினருக்கு முதலில் நீட்டுவது கோலாவைத்தான், நாம் வெற்றிலைத் தட்டை நீட்டுவதுபோல. கொட்டையில் கஃபீன் இருக்கிறது, உலர்ந்த எடையில் ஏறக்குறைய 2 சதவீதம். 15 கிராம் பச்சைக் கொட்டை ஒன்றில் தண்ணீர் போக 6 கிராம் இருக்கும் என்று வைத்தால் 120 மில்லிகிராம் வரை கஃபீன் வருகிறது. ஒரு கோப்பைக் கடுங்கோப்பி அளவு. கர்ப்பிணிகள் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பிரித்தானியச் சுகாதாரத் துறையின் அறிவுரை. நாலு வேளைத் தேநீரோடு ஒரு கொட்டையும் சேர்ந்தால் அது எளிதாகத் தாண்டும். பிரஷர், இருதயத் துடிப்புக் கோளாறு, தூக்கமின்மை உள்ளவர்களும் சிறுபிள்ளைகளும் தொடாமல் இருப்பது நல்லது. வெற்றிலை பாக்கோடு சேர்த்து மெல்லும் யோசனையும் வேண்டாம். பாக்கு வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான விடயம், கோலா சேர்ப்பதால் அந்த ஆபத்துக் குறையாது.

வருமானத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மிளகையும் கராம்பையும்போலக் கொட்டையை எடைபோட்டு வாங்க இங்கே வியாபாரி காத்திருக்கவில்லை. 1886இல் அத்லாந்தாவில் ஜோன் பெம்பர்ட்டன் தயாரித்த கொக்கா-கோலா பானத்தில் கோலாக் கொட்டை சேர்ந்தது உண்மை, ஆனால் இன்றைய குளிர்பானங்களில் பெரும்பாலானவை அந்தக் கொட்டையை நம்பி ஓடுவதில்லை. ஆகவே மிளகைப் பிடுங்கிவிட்டுக் கோலா நட வேண்டாம். இருக்கிற தோட்டத்தில் ஓர் ஓரத்தில் நட்டு, கிளைகளின் கீழ் ஓரளவு நிழல் தாங்கும் இஞ்சியைப் போட்டு வைத்தால் காத்திருக்கும் வருடங்கள் வீண்போகாது. கொட்டை எடுத்த பிறகு மிஞ்சும் தடித்த காய்த்தோலுக்கும் பயன் உண்டு. நைஜீரியாவில் அதைக் காயவைத்து அரைத்துக் கோழித்தீவனத்தில் கலக்கிறார்கள், அதன் சாம்பலிலிருந்து சவர்க்காரமும் செய்கிறார்கள். எதுவும் செய்யாவிட்டாலும் கூட்டெருக் குழிக்கு நல்லது.

கடைசியாக, விதை எங்கிருந்து வருகிறது என்பது. ஆபிரிக்காவில் வேலைக்குப் போய் வருகிறவர்களிடம் பையில் நாலு கொட்டை கொண்டுவரச் சொல்வது பெரிய ஆபத்து. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அனுமதியில்லாமல் நடுகைப் பொருள் கொண்டுவருவது குற்றம். அந்தச் சட்டத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. கொட்டைக்குள் வண்டுப் புழு ஒளிந்து வரலாம். கன்றோ தண்டோ என்றால் இன்னும் மோசம். கொக்கோவின் தண்டு வீக்க வைரஸ் நோய் கானாவில் 1936இல் அறியப்பட்டது, அதைக் கட்டுப்படுத்த அங்கே 20 கோடிக்கு மேற்பட்ட கொக்கோ மரங்களை வெட்ட வேண்டி வந்தது. வெண்மூட்டுப்பூச்சி பரப்பும் அந்த வைரஸுக்குக் கோலா இனத்துக் காட்டு மரங்கள் சிலவும் இடம் கொடுப்பவை. மாத்தளையிலும் கண்டியிலும் கொக்கோவை நம்பியிருக்கும் குடும்பங்களை நினைத்தாவது இந்தக் கொட்டையைப் பையில் போட்டு வராதீர்கள்.

ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மாத்தளை ஆராய்ச்சி நிலையத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் இது. நாட்டுக்குள்ளேயே நிற்கும் கோலா மரங்களைத் தேடிப் பதிவு செய்து, எந்த மரம் எந்த மரத்தோடு காய்க்கிறது என்று கையால் மகரந்தம் இட்டுச் சோதித்து, பொருந்தும் தாய்மரங்களின் கன்றுகளைக் கட்டாகச் சேர்த்துக் கொடுங்கள். தனிக் கன்றாகக் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு பையிலும் தாய்மரத்தின் இலக்கம் எழுதியிருக்கட்டும். அதுவரை கன்று விற்கும் தனியார் தவறணைகளும் அந்த இலக்கத்தை எழுதி விற்றால், வாங்குகிறவர் வீட்டில் நாலு வெவ்வேறு இலக்கம் சேர்ந்திருக்கிறதா என்று தாமே பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தவறணை வேலை தெரிந்த வாசகர்கள்,
உக்குவளை, மாத்தளை.